மூச்சு விட்டபின் அவள் சொன்னது

நாலாம் வகுப்பு வருகைப் பதிவேட்டில் ஜூலை மாதப் பக்கம் குறுக்காகக் கிழிந்து, பின்புறம் செல்லோடேப் ஒட்டியிருந்தது. கிழித்தவள் என் வகுப்பு மாணவி, ஒன்பது வயதுப் பெண். நன்னிலம் பக்கத்தில் ஓர் ஒன்றியப் பள்ளியில் நான் வேலை பார்த்தபோது நடந்தது. ஏழு வருடங்கள் ஆகின்றன. காலையில் பெயர் வாசித்து முடித்து, பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். சத்தம் கேட்டுப் பார்த்தால் கிழிந்த தாள் அவள் கையில் இருந்தது. தடுக்க வந்த பெண்ணின் கையைப் பல் பதியக் கடித்தும் இருந்தாள்.

அடியும் கடியும் அவளிடம் புதிதல்ல. ஆனால் இந்தத் தடவை, கடிபட்ட பெண்ணின் அப்பா மறுநாளே வந்துவிட்டார். "அந்தப் புள்ள இங்க இருந்தா எம்புள்ளய அனுப்ப மாட்டேன் சார்" என்று தலைமை ஆசிரியரிடம் சொன்னார். அவளை வேறு பள்ளியில் சேர்க்கும்படி அவள் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்தார். நானும் தலையாட்டினேன். இருபது வருட சர்வீஸில் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

குறுக்கே வந்தவர் எங்கள் தற்காலிக ஆசிரியை. பெற்றோர் ஆசிரியர் கழகம் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் அமர்த்திய சின்னப் பெண். "கொஞ்ச நாள் குடுங்க சார். நாலாம் வகுப்புக்கு தினம் மூச்சுப் பயிற்சி சொல்லித் தரேன்" என்றார். காலாண்டுப் பரீட்சை வரை பார்க்கலாம் என்றார் தலைமை ஆசிரியர்.

அவர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். வயிற்றில் கை வைத்துக்கொண்டு மூக்கால் இழுக்க வேண்டும். சுடுசோற்றை ஊதி ஆற்றுவது போல மெதுவாக வெளியே விட வேண்டும். முதல் வாரம் எல்லோரும் எச்சில் தெறிக்க ஊதிச் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் கண்ணை மூடமாட்டேன் என்றாள். "மூட வேணாம். வெளிய பாத்துக்கிட்டே விடு" என்று விட்டுவிட்டார். ஜன்னலுக்கு வெளியே குறுவைப் பயிர் நின்றது. அதைப் பார்த்தபடி, முகத்தை இறுக்கிக்கொண்டு அவள் மூச்சு விட்டாள்.

ஆகஸ்டில் சண்டைகள் குறைந்தன. எனக்கு அது வசதியாகப் போயிற்று. அவள் முகம் சுளித்தால் போதும், "மூச்சு விடு" என்று அதட்டுவேன். ஒரு நாள் தற்காலிக ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டீச்சர், அது அவ வாய மூடறதுக்கு இல்லைங்க. என்ன கோவம்னு அவளுக்கே தெரியறதுக்கு" என்றார். நேற்று வந்தவர் எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

செப்டம்பரில் ஒரு காலை. இனிஷியலோடு அவள் பெயரை வாசித்தேன். பின்னால் இரண்டு பேர் கிளுக்கென்று சிரித்தார்கள். தினமும் சிரிப்பதுதான், ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அவள் எழுந்து நின்றாள். உள்ளேன் சொல்லவில்லை. வயிற்றில் கை வைத்து மூன்று முறை மூச்சை இழுத்து விட்டாள். பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"டீச்சர், அந்த எழுத்த வாசிக்காதீங்க. அவரு எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு. அம்மா பேரு எழுத்த வாசிங்க."

ஜூன் மாதம் அவள் அம்மா இனிஷியலை மாற்றச் சொல்லி ஒரு மனுவோடு வகுப்பு வாசலில் வந்து நின்றது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "ரெக்கார்டுல உள்ளபடிதாம்மா வாசிக்க முடியும்" என்று சொல்லி, தாளை வாங்கி மேசை டிராயரில் போட்டிருந்தேன். அவள் அப்பா அடுத்த தெருவிலேயே வேறொரு குடும்பத்தோடு இருந்தார். வகுப்பில் அது தெரியாதவள் நான் ஒருத்திதான். ஒவ்வொரு நாளும் அந்த எழுத்தைச் சொல்லி அவளைச் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டு, அவள் ஏன் கடிக்கிறாள் என்று அலுத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் எழுத்தைச் சேர்த்து மறுபடி வாசித்தேன். "உள்ளேன் டீச்சர்" என்றாள்.

பள்ளிப் பதிவேட்டில் மாற்ற அரையாண்டுப் பரீட்சை வரை ஆயிற்று. அதற்காக அவள் அம்மா நடவு வேலையை விட்டுவிட்டு இரண்டு நாள் அலைந்தார். "அன்னிக்கே நான் கேட்டிருக்கணும்மா" என்றேன். "பரவால்லங்க டீச்சர்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "அவளே எந்திரிச்சு சொன்னாளாங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மறுபடியும் கேட்டார். வேறு பள்ளிப் பேச்சு அதன்பின் எழவில்லை. அந்தப் பெண் இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். இன்னும் கோபக்காரிதான் என்று அம்மா சொல்கிறார்.

தற்காலிக ஆசிரியை அந்த ஏப்ரலோடு போய்விட்டார். அதிராம்பட்டினம் பக்கம் ஏதோ தனியார் பள்ளியில் இருப்பதாகக் கேள்வி. நான் அவரிடம் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது வேறொரு பள்ளியில் தலைமை ஆசிரியை நான். காலையில் ஐந்து நிமிடம் எல்லாப் பிள்ளைகளும் மூச்சுப் பயிற்சி செய்கிறார்கள். முடிந்ததும், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. போன வாரம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கை தூக்கினாள்.

"டீச்சர், பாட்டுப் பாட என்னைய மட்டும் ஏன் கூப்பிட மாட்டேங்கிறீங்க?"

மறுநாள் இறைவணக்கப் பாட்டை அவள்தான் பாடினாள். சுருதி சேரவில்லை. முழுதும் பாடினாள்.