காற்றுக்குப் பயந்து சாத்திய கதவு

துவாரகாவுக்கு வயது இருபத்தொன்பது. பசறையிலிருந்து நமுனுகுலைக்கு ஏறும் பாதையில் இருக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், பொதி கட்டும் அறைக்கு அவள்தான் பொறுப்பு. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். அம்மாவின் கொழுந்துக் கூடை தன் முதுகுக்கு வருமுன் எப்படியோ படித்துத் தப்பி, பத்தொன்பது வயதில் அந்த அறைக்குள் சாக்குக்கு வாய் தைக்கப் போனவள். இப்போது பதினொரு பெண்கள் அவளுக்குக் கீழே. வாய் கொஞ்சம் நீளம்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவள் வேலையையும் இவளே சேர்த்துச் செய்துவிடுவாள்.

அந்த அறைக்குத்தான் கண்டம் வந்திருந்தது. கொழும்பில் துறைமுகத்தை ஒட்டிப் புதிதாக ஒரு லாஜிஸ்டிக்ஸ் பார்க் எழும்பியிருந்தது. பார்க் என்றதும் ஊஞ்சலும் பூச்செடியும் என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணுக்கு எட்டிய மட்டும் களஞ்சியசாலைகளும் கொள்கலன்களும்தான். தூளைக் கொண்டுவந்து கொட்டினால் போதும், பொதி கட்டிக் கப்பலேற்றுவது எங்கள் பாடு என்றார்கள். தோட்டக் கம்பனி தலையாட்டிவிட்டது. அவர்களுக்கென்ன, வேலை போவது இங்கேதானே.

துவாரகா விடவில்லை. தொழிற்சாலையைக் கவனிக்கும் டீமேக்கர் ஜெயராசாவை நச்சரித்து, அவர் மூலம் தோட்டத்துரையிடம் பேசி, ஒரு சோதனைக்குச் சம்மதம் வாங்கினாள். ஒரே ஒரு கொள்கலன் இங்கேயே பொதி கட்டி, இங்கேயே முத்திரை போட்டு, பார்க்கில் திறந்து சோதிப்பதோடு நேரே கப்பலுக்குப் போகட்டும். குறையில்லாமல் கப்பலேறினால் அறை நிலைக்கும். திரும்பி வந்தால் அடுத்த மாதமே பூட்டு.

அதை ஏற்றிப் போக லொறியோடு வந்தவன் அவள் புருஷன் சஜீவன். இரண்டு வருஷம் வேலையில்லாமல் அலைந்து, மூன்று வாரத்துக்கு முன்தான் பதுளையில் ஒரு போக்குவரத்துக் கம்பனியில் சேர்ந்திருந்தான். கொள்கலன் லொறியில் அவனுக்கு இதுதான் முதல் பயணம்.

பத்து மணிக்கெல்லாம் சாக்குகளை ஏற்றி முடித்தார்கள். இரவு ஒன்பதுக்குப் பார்க் வாசலில் நிற்க வேண்டும். அந்த நேரம் தப்பினால் கப்பலும் தப்பிவிடும். எப்படிப் பார்த்தாலும் பன்னிரண்டுக்குள் கிளம்பியாக வேண்டும். துவாரகா முத்திரைப் பூட்டை எடுக்க ஆபீசுக்குப் போய் வந்தாள். பூட்டுமுன் ஒருதரம் உள்ளே பார்த்துவிடலாம் என்று கதவைத் திறந்தால், குப்பென்று கற்பூர வாசனை.

தேயிலைத் தூள் எந்த வாசனையையும் குடித்துவிடும். பொதி அறைக்குள் தலையில் மல்லிகை வைத்துவரக்கூட அவள் யாரையும் விட்டதில்லை.

"யாரு கற்பூரம் கொளுத்துனது?"

"நான்தான்," என்றான் சஜீவன். முகத்தில் கள்ளமே இல்லை. "மொதப் பயணமாச்சே. வண்டிக்கு முன்னால கொளுத்துனேன், காத்து ரெண்டு தடவ அணைச்சிருச்சு. அணைஞ்சா ஆகாதே. அதான் தட்ட உள்ள வச்சுக் கதவச் சாத்துனேன். எரிஞ்சு முடிஞ்சதும் எடுத்துட்டேன்."

நல்லதென்று செய்தவனை என்னவென்று திட்டுவது? நமுனுகுலைக் காற்றில் கற்பூரம் நிற்காது. பாதியில் அணைந்தால் பயணம் உருப்படாது. அந்தத் தோட்டத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

ஜெயராசா வந்து மோந்து பார்த்தார். மணியையும் பார்த்தார். "கையெழுத்தப் போடு புள்ள, பூட்டிருவோம். அங்க எவன் மோந்து பாக்கப்போறான்?"

"வெயில்ல ஒம்பது மணி நேரம் பூட்டிக் கெடக்குமுங்க ஐயா. தொறந்ததுமே தெரிஞ்சிரும். அப்புறம் மொத்தமும் திரும்பி வந்துரும்."

அவள் பார்க்குக்குப் போன் போட்டாள். ஸாஹிர் என்ற அதிகாரி எடுத்தார். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கதவோரச் சாக்குகளை மாற்றி, உள்ளே காற்றோட விட்டு, நடந்ததை எழுதி அனுப்பினால் ஏற்றுக்கொள்வோம் என்றார் அவர். "யாரால நடந்ததுன்னு பேரும் எழுதணும் தங்கச்சி. பேர் இல்லாட்டி பொதி கட்டினவங்க தவறுன்னுதான் பதிவாகும். பேர் போட்ட ஆள் அந்த வண்டிய ஓட்டக் கூடாது."

பெண்கள் ஓடி வந்தார்கள். களஞ்சியத்திலிருந்து மாற்றுச் சாக்குகள் வந்தன. எல்லோரையும்விட அதிகமாகச் சுமந்தவன் சஜீவன்தான். செய்த பிழைக்குத் தோளால் ஈடு கட்டிவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, வியர்வை வழிய ஓடி ஓடிச் சுமந்தான். துவாரகா படிவத்தோடு சுவரோரம் நின்றாள். பதினொரு பெண்களையும் ஒருதரம் பார்த்தாள். எழுதினாள். ஆபீசுக்குப் போய் அதை அனுப்பிவிட்டு, வேறு டிரைவரை அனுப்பச் சொல்லி அவன் கம்பனிக்கும் போன் போட்டாள்.

பதினொன்றரைக்குப் பதுளையிலிருந்து மோட்டார் சைக்கிளில் இன்னொரு டிரைவர் வந்து இறங்கி, "சாவிய தாங்க," என்று கை நீட்டினான். அப்போதுதான் சஜீவனுக்கு விஷயமே தெரிந்தது. தோளிலிருந்த சாக்கை இறக்கி வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தான். யாரையும் பார்க்கவில்லை. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் லொறி நகர்ந்தது.

மறுநாள் காலை ஸாஹிர் கூப்பிட்டார். சரக்குக் கப்பலேறிவிட்டது, அடுத்ததையும் அங்கேயே கட்டி அனுப்புங்கள் என்றார். பெண்கள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அதே காலையில் சஜீவனின் கம்பனியும் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டது.

சாயந்தரம் வீட்டில் சோறு போட்டு வைத்தாள். அவன் தட்டைத் தொடவில்லை.

"வேற எவன் பேராவது இருந்தாலும் எழுதியிருப்பியா?"

"ரெண்டு தடவ யோசிச்சிருப்பேன்," என்றாள். "நீங்கங்கிறதாலதான் எழுதுனேன். நீங்க மன்னிச்சிருவீங்கன்னு நெனச்சேன்."

"மன்னிப்பேன்னு நான் சொன்னேனா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை அவன். எழுதுமுன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் சாக்குச் சுமந்துகொண்டிருந்தான்.