வேலாயுதம் மாமா அனுப்பிய கோடி

என் தாய்மாமன் வேலாயுதம் போன மாதம் காலமானார். சிங்கப்பூர்த் தேக்கா மார்க்கெட்டில் வாழையிலை மொத்த வியாபாரம் செய்தவர். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் அவருடைய தாராள மனதைப் பற்றியே பேசினார்கள். எனக்கு ஒரு வெள்ளிக்கிழமைதான் நினைவில் நிற்கிறது.

மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிவதற்கு முன்னால் அவர் வாரத்துக்கு மூன்று நாள் வேனில் இலைக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாருவுக்கு வருவார். வெயிலில் இலை சுருண்டுவிடும் என்று வேனைக் கடை வாசலிலேயே நிறுத்துவார். அங்கே வண்டி நிறுத்தக் கூடாது. இறக்கிவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடியில் அபராதச் சம்மன் சொருகியிருக்கும். அப்படி ஐந்து சேர்ந்தன. "அடுத்த வாரம் கட்டிக்கலாம்" என்பார்.

அறுபத்தைந்தில் பிரிவினைச் செய்தி வந்த அன்று ஐந்தையும் கிழித்துச் சாக்கடையில் போட்டார். "நாடே பிரிஞ்சு போச்சு. அந்த ஊரு சீட்டு இந்த ஊர்ல செல்லுமா?" மார்க்கெட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை. அதன்பின் ஜொகூர் வியாபாரத்தையும் விட்டுவிட்டார். தங்கையைப் பார்க்க ஜொகூர் பாருவில் இருந்த எங்கள் வீட்டுக்குப் பேருந்தில் வந்து போனார். யாரும் எதுவும் கேட்காததால், சீட்டுகள் செத்துவிட்டன என்றே நம்பினார்.

மூன்று வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் ஜொகூர் பாருவில் என் அம்மா பூவம்மா இறந்துபோனாள். மாமாவின் கடைக்குப் பக்கத்து மருந்துக்கடைக்கு நான்தான் போன் செய்தேன். கடைக்காரர் மாமாவைக் கூப்பிட்டுத் தந்தார். விஷயத்தைக் கேட்டதும் மாமா, "கோடி எடுத்துட்டு வந்துடறேன். நான் வராம எடுத்துடாதீங்கப்பா" என்றார்.

பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடிச் சேலை மேலே விழாமல் ஒரு பெண்ணை வாசல் தாண்டி அனுப்பும் வழக்கம் எங்களுக்கு இல்லை. சிராங்கூன் ரோட்டில் அரக்குச் சேலை வாங்கிய மாமா, பேருந்துக்குக் காத்திருந்தால் நேரமாகும் என்று வேனை எடுத்தார்.

கடற்பாலத்தின் ஜொகூர்க் கரையில் போலீஸ் சோதனை. தங்கராஜு என்ற தமிழ்க் கான்ஸ்டபிள் வேன் எண்ணைப் பதிவேட்டில் பார்த்துவிட்டு வேனை ஓரங்கட்டச் சொன்னார்.

"வேலாயுதம் நீங்கதானா? உங்க பேர்ல பிடிவாரண்டு இருக்கு அண்ணே. அஞ்சு சம்மன்."

"அது அப்பவே போச்சேப்பா. நாடு பிரிஞ்சாச்சே!"

"நாடு பிரிஞ்சா கடனும் பிரிஞ்சு போகுமா லா? நல்ல கணக்கா இருக்கே. எனக்கும் ஒரு கடன் இருக்கு, சொல்லிப் பாக்கட்டுமா?"

மாமா சட்டைப் பையிலிருந்த நோட்டுகளை அள்ளி நீட்டினார். "எவ்வளவுன்னு சொல்லு, கட்டிடறேன். தங்கச்சி செத்துக் கெடக்கா."

தங்கராஜுவின் சிரிப்பு நின்றது. "நான் கையில வாங்குனா என் வேலை போயிடும் அண்ணே. கோர்ட்லதான் கட்டணும்."

"அப்ப கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை. இங்க லீவு."

சிங்கப்பூரில் வேலை நாள். பாலத்தைத் தாண்டி ஜொகூருக்கு வந்தால் வார விடுமுறை. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் வந்து போன மனிதர், அன்று அதை மறந்திருந்தார். "எரிச்சிட்டு நானே வந்து நிக்கறேன், அப்ப உள்ள போடு" என்று கான்ஸ்டபிளின் காலில் விழப் போனார். தங்கராஜு உள்ளே போய் மேலதிகாரியிடம் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் முடியாதென்று தலையை ஆட்டிக்கொண்டே திரும்பி வந்தார்.

அப்போது சோதனைக்காக நின்ற பேருந்தின் கண்டக்டர் இப்ராஹீமிடம் மாமா ஓடினார். பொட்டலத்தையும் எங்கள் முகவரியையும் கொடுத்தார். "பாய், என் தங்கச்சிக்குப் போத்தணும். அஞ்சு மணிக்குள்ள."

இப்ராஹீம் வாங்கிக்கொண்டார். ஆனால் பேருந்தைப் பாதியில் விட்டு அவரால் இறங்க முடியாது. மாற்றாள் வரவில்லை. இன்னொரு நடை சிங்கப்பூர் போய்த் திரும்ப வேண்டியதாயிற்று.

வீட்டில் நான் தெருமுனைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். மாமாவுக்கு என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரியாது. நான்கு மணிக்கு அப்பாவின் அக்கா ரத்தினம்மா அத்தை, "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்றார். ஐந்து மணிக்கு அப்பா எழுந்தார். "மச்சான் மச்சான்னு உருகுனேனே! ஒரு சேலைக்கு வக்கில்லாமப் போச்சா அந்த மனுஷனுக்கு? எடுங்கப்பா."

பக்கத்து வீட்டு மங்களம் அக்கா தன் பெட்டியிலிருந்து கொண்டுவந்த சேலையைப் போர்த்தித்தான் அம்மாவை அனுப்பினோம்.

நாங்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பித் தலை ஈரம் காயாமல் உட்கார்ந்திருந்தபோது இப்ராஹீம் வந்தார். நடந்ததைச் சொன்னார். வாசலில் எரிந்த விளக்கைப் பார்த்ததும், அம்மாவை எடுத்தாயிற்று என்று அவருக்கும் புரிந்தது. "மன்னிச்சிருங்க" என்று பொட்டலத்தை நீட்டினார். அப்பா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இரவை லாக்கப்பில் கழித்த மாமாவிடம் சனிக்கிழமை காலை கோர்ட்டில், இத்தனை வருடம் ஏன் கட்டவில்லை என்று மாஜிஸ்திரேட் கேட்டாராம். மாமா சொன்ன பதிலைக் கேட்டு மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தாராம். அபராதத்தைக் கட்டிவிட்டு நேராகச் சுடுகாட்டுக்கு வந்தார். நாங்கள் பால் தெளித்துக்கொண்டிருந்தோம்.

கசங்கிய சட்டை. செருப்பில்லை. சாம்பலுக்குப் பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். அப்பாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. என்னிடம்தான் கேட்டார்.

"கோடி வந்துச்சா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். பெரியவர்கள் தரையைப் பார்த்தார்கள். அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா பால் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் போனார். நேற்று அத்தனை பேர் முன்னால் அவரைத் திட்டியவர்.

"வந்துச்சு மச்சான். உங்க கோடியோடதான் போனா."

"வாசல் தாண்டறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்."

மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார்.