முடி மாத்திரையும் அம்மாவின் ஸ்வெட்டரும்

குற்றால சீசனுக்கு வரும் விருந்தாளிகளை ஐந்தருவிக்குக் கூட்டிப்போவது தென்காசிக்காரர்கள் தலையெழுத்து. போலீஸ்காரர் விசிலடித்து விரட்டும்வரை அருவியை விட்டு நகராத ஆள் நான். அந்த வருஷம் சாரல் மேலே பட்டதற்கே பல் தந்தியடித்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு வேனில் போய் உட்கார்ந்துவிட்டேன். "மதினிக்கு வயசாயிட்டு" என்று நாத்தனார் சிரித்தாள். ஐம்பதில் வயசாகிவிட்டதாம். அவளுக்கு மட்டும் என்ன, பதினாறா?

குளிரோடு நின்றிருந்தால் சீசன் காற்று என்று விட்டிருப்பேன். உடம்பு ஊதியது, குரல் கரகரத்தது, சீப்பில் முடி கொத்துக்கொத்தாக வந்தது. எங்கள் ஊரில் முடி கொட்டினால் முதல் குற்றவாளி போர்வெல் தண்ணீர்தான். அதற்கு மருந்து அருவித் தண்ணீர். வீட்டுக்காரர் பைக்கின் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு குற்றாலத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்தார். மூலிகை ஊறிய தண்ணீராம். முடிக்கு அது தெரியவில்லை, கொட்டிக்கொண்டே இருந்தது. மெடிக்கல் கடை அண்ணாச்சி ஒரு டப்பாவை எடுத்துத் தந்தார். "இது முடிக்கு உள்ள சத்து மாத்திரைதான்க்கா. பயப்படாம போடுங்க." தினமும் போட்டேன்.

என்னை உலுக்கியது மறதிதான். நான் சுந்தரபாண்டியபுரத்தில் பள்ளிக்கூட டீச்சர். ஒரு நாள் காலையில் தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். வழக்கமான பஸ் வருகிறது, ஆட்கள் ஏறுகிறார்கள், புறப்பட்டும் போகிறது. அது என் பஸ் என்பது அது வளைவில் திரும்பி மறைந்த பிறகுதான் உறைத்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

என் அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சித்திரை வெயிலிலும் ஒரு பழுப்பு ஸ்வெட்டரைக் கழற்றமாட்டாள். கேட்ட கேள்விக்கு அரை நிமிஷம் கழித்துப் பதில் சொல்வாள். கடைசியில் அக்கா யார், நான் யார் என்றுகூடத் தெரியாமலே செத்துப்போனாள். வயசுக் கோளாறு என்றார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம். அடுத்தது நான்தான் என்று அன்று பஸ் ஸ்டாண்டில் முடிவே செய்துவிட்டேன்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனேன். தைராய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். "வீட்ல யாருக்காவது தைராய்டு உண்டா?" இல்லை என்றேன். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" அதற்கும் இல்லை என்றேன். சத்து மாத்திரையை எங்கள் ஊரில் யார் மாத்திரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்?

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எல்லாம் நார்மல்.

"அதான் ஒண்ணும் இல்லன்னுட்டாங்கள்லா, பொறவு என்னட்டி? சும்மா மனசப் போட்டு அலட்டாத" என்றார் வீட்டுக்காரர். அவருக்கு நிம்மதி. எனக்கு இல்லை. தைராய்டு இல்லையென்றால் மிச்சம் இருப்பது அம்மாவின் நோய்தானே? மதுரையில் படிக்கும் மகளின் பெயரை வகுப்பில், பஸ்ஸில், அடுப்படியில் எனக்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பெயர் வராமல் போகும் நாளை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உடம்பு இன்னும் மோசமாகி மறுபடியும் டாக்டரிடம் போனபோது, பழைய ரிப்போர்ட்டை எடுக்கக் கைப்பையைத் துழாவினேன். முடி மாத்திரை டப்பா மேஜையில் விழுந்தது. டாக்டரம்மா எடுத்துப் படித்தார்.

"இத எப்பலேருந்து சாப்பிடுறீங்க?"

"முடிக்குள்ள சத்து மாத்திரை டாக்டர், அது ஒண்ணும் செய்யாது."

"உடம்ப ஒண்ணும் செய்யாதும்மா, டெஸ்ட்டத்தான் செய்யும். இதுல இருக்க பயோட்டின் தைராய்டு ரிசல்ட்டயே மாத்திக் காட்டும். நிறுத்துங்க. கொஞ்ச நாள் கழிச்சு திரும்ப ரத்தம் குடுங்க."

மறு பரிசோதனையில் உண்மை வந்தது. தைராய்டு கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை. அங்கேயே அழுதேன். "மாத்திரையில சரியாப் போகும்மா, இதுக்கா அழுவாங்க?" என்றார் டாக்டரம்மா. நான் சந்தோஷத்தில் அழுதது அவருக்கு எப்படித் தெரியும்?

வீட்டுக்கு வந்து எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "எனக்கும் ரொம்ப வருசமா இருக்குல்லா" என்றாள் சாவகாசமாக.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னக்கா?"

"கட்டிக்குடுக்க பொம்பளப்பிள்ளய வச்சுக்கிட்டு இத வெளிய சொல்லுவாங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் விடவில்லை, தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வீடு தைராய்டு மாத்திரை இருப்பது வெளியே வந்தது. எல்லாரும் காலையில் காபிக்கு முன்னால் ஒளித்து விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சில மாதங்களில் தலைக்குள் இருந்த மூட்டம் விலகியது. பஸ்ஸைத் தவறவிடவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா மாத்திரை எழுதிக்கொண்டே பழைய கேள்வியைக் கேட்டார்.

"பரம்பரையா வரக்கூடியது. வீட்ல வேற யாருக்கும் இல்லன்னு நல்லாத் தெரியுமா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சித்திரை வெயிலும் பழுப்பு ஸ்வெட்டரும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

"எங்க அம்மாவுக்கு இருந்திருக்குமோ என்னமோ டாக்டர். யாரும் ரத்தம் எடுத்துப் பாக்கல."

அவர் தலை நிமிரவில்லை. "அதுக்கென்ன, ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. பாத்துருவோம்."