நிலாவில் பிழை பொறுக்காதவர்

வாஞ்சிநாதன் ஏலூர் உரத் தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த முப்பத்து மூன்று வருஷத்தில் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லி அவர் எடுத்த விடுப்புகளை மேலாளர் ஒருவர் கூட்டிப் பார்த்துவிட்டு, மட்டாஞ்சேரியில் இத்தனை பெரிய குடும்பம் வேறு உண்டா என்று கேட்டாராம். கல்யாணம் ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் தை மாதத்தில் கோயம்புத்தூரிலோ மைசூரிலோ நடக்கும் அறிவியல் புனைகதை ரசிகர் மாநாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். இருபத்தாறு மாநாடுகள். ஒன்றைக்கூட விட்டதில்லை.

எல்லாவற்றிலும் மேடைக்குக் கீழே, மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி. முதல் மாநாட்டிலேயே ஒரு நாவலாசிரியர் தன் கதையிலிருந்து ஓர் அத்தியாயம் வாசித்தார். வளர்பிறை மூன்றாம் நாள், நடுராத்திரி, கிழக்கே நிலா உதிக்கிறது. வாஞ்சி எழுந்து நின்றார். மூன்றாம் பிறை சூரியன் மறைந்து கொஞ்ச நேரத்திலேயே மேற்கே மறைந்துவிடும், நடுராத்திரியில் அதைக் கிழக்கே தேட முடியாது என்றார். "கதைதானே சார்," என்றார் நாவலாசிரியர். "கதைன்னாலும் நிலா அதே நிலாதானே," என்றார் இவர், உட்காராமல். அன்றிலிருந்து மாநாட்டில் அவருக்கு நிலா மாமா என்று பெயர். ஓர் ஆளுக்கு ஒரு கேள்விதான் என்று பிற்பாடு வந்த விதியும் அவருக்காக வந்ததுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இந்த வருஷம் கோயம்புத்தூரில், முதல் தடவையாக மேடைக்கே கூப்பிட்டுவிட்டார்கள். கதைகளில் வரும் வேற்றுக் கிரகங்களின் நாள்காட்டிகள் பற்றி அரை மணி நேரப் பேச்சு. சனிக்கிழமை, மதியம் இரண்டரை. வாஞ்சி பேச்சை ஏழு முறை திருத்தி எழுதினார். மனைவி திரிபுரசுந்தரியை எதிரே உட்காரவைத்து நான்கு முறை வாசித்தார். அவளுக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

மூன்று வாரம் முன்பு, அண்ணா வீட்டுக்கும் இவருக்கும் புரோகிதரான சங்கர்ராம் வாத்தியார் போன் செய்தார். வாஞ்சியின் அப்பாவின் சிராத்தம் தை வளர்பிறை அஷ்டமி. நிலா வானத்தில் நிஜமாக இருக்கும் இடத்தை வைத்துக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி, வாஞ்சி பார்ப்பது அதைத்தான், அது அதே சனிக்கிழமை. பிற்பகலில் செய்ய வேண்டிய காரியம். செய்கிறவர் அன்று ஊர் தாண்டக் கூடாது.

சுள்ளிக்கல்லில் இருக்கும் அண்ணா வெங்கிட்டு பார்ப்பது பழைய சூத்திரங்களை வைத்துக் கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கம். அதில் அஷ்டமி ஐந்து மணி நேரம் முன்னதாகவே பிறந்துவிடுகிறது, சிராத்தம் வெள்ளிக்கிழமை. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போகும் வருஷங்களில் அண்ணா வீட்டில் சேர்ந்து செய்வார்கள். ஒத்துப்போகாத வருஷங்களில் தனித்தனி. அப்பா போன பதினோரு வருஷத்தில் மூன்று தடவை அப்படி ஆயிற்று. மூன்று தடவையும் வாஞ்சி அண்ணாவுக்கு வரைபடம் போட்டுக் காட்டினார். ஒரு தடவை மொட்டை மாடிக்கே கூட்டிக்கொண்டு போய் நிலாவைக் காட்டினார். வெங்கிட்டு நிலாவைப் பார்த்துவிட்டு, "இதுல தேதி எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கினார்.

இப்போது அந்த அண்ணாவுக்குத்தான் போன் செய்ய வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை அங்கே முடித்துவிட்டால் சனிக்கிழமை காலை ரயில் பிடித்துவிடலாம். இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் திரிபுரசுந்தரியே எண்ணை அழுத்திப் போனைக் கையில் கொடுத்தாள்.

"அண்ணா, இந்தத் தடவை வெள்ளிக்கிழமை உங்காத்துக்கே வந்துடலாம்னு பாக்கறேன்."

"எந்தா திடீர்னு? உன் சந்திரனுக்கு ஜலதோஷமோ?"

"ஒரு யாத்திரை உண்டு."

"அந்த ராக்கெட்காராள் கூட்டமோ?"

"ஆமா."

"அப்போ வாக்கியம்தான் செரியாக்கும்."

"அப்படி நான் சொல்லலை."

"இப்போ சொல்ல வேண்டாம். சங்கல்பத்துல உரக்கச் சொன்னாப் போறும்."

வெள்ளிக்கிழமை வாஞ்சி பஞ்சகச்சத்தோடு அண்ணா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தார். அன்றைய நாளையும் திதியையும் சொல்லித் தொடங்கும் சங்கல்பத்தை மூத்தவர் சொல்லுவார், இளையவர் பின்னால் தர்ப்பையால் அவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், அதுதான் வழக்கம். வாயைத் திறக்காமல் தப்பித்துவிடலாம் என்று வாஞ்சி கணக்குப் போட்டிருந்தார். வருஷம், மாதம், பட்சம் என்று வரிசையாக வந்து திதியில் வெங்கிட்டு நிறுத்தினார்.

"இவனும் சொல்லட்டும் வாத்தியாரே."

"மூத்தவா சொன்னாப் போறுமே," என்றார் வாத்தியார்.

"இல்லை, சொல்லட்டும்."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று நாற்பது. திருக்கணிதப்படி அஷ்டமி பிறக்க இன்னும் மூன்றரை மணி நேரம் இருக்கிறது. ஒரே ஒரு சொல். சொல்லிவிட்டால் நாளைக்கு மேடை. வாஞ்சி தொண்டையைச் செருமினார்.

"ஸப்தம்யாம்," என்றார்.

"அஷ்டம்யாம்," என்று திருத்தினார் வாத்தியார்.

"இப்போ ஸப்தமியாக்கும்."

வெங்கிட்டு திரும்பிப் பார்த்தார். "இதுக்குத்தான் வந்தயா நீ?"

"அப்பாவை முன்னாடி வெச்சுண்டு கள்ளம் சொல்லச் சொல்றயே அண்ணா."

"எழுந்து போடா."

வாஞ்சி எழுந்து போனார். வாசலில் செருப்பைக்கூடப் போட்டுக்கொள்ளாமல் மாநாட்டை நடத்தும் ஸாதனாவுக்குப் போன் செய்து, நாளைக்கு வர முடியாது, அப்பாவின் சிராத்தம் என்று சொன்னார்.

"அதுக்கென்ன சார், ஞாயித்துக்கிழமை பதினொன்றரை காலியாத்தான் இருக்கு. அதுல போட்டுடவா?"

"அப்படியெல்லாம் மாத்தலாமோ?"

"இதுவரைக்கும் ஆறு பேர் மாத்திட்டாங்க சார். நீங்கதான் கேக்கவே இல்லை."

உள்ளேயிருந்து சமையல் கரண்டியோடு வந்து நின்ற திரிபுரசுந்தரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள்.

"மூணு வாரமா ஆத்துல ஒருத்தரை உறங்க விட்டேளா? ஒரு போன் பண்ணிக் கேக்கத் தோணலையோ?"

"மேடைல பேசறவா நேரம் மாத்திக் கேக்கலாம்னு எனக்கு எப்படித் தெரியும்? இருபத்தாறு வருஷமா நான் கீழேன்னா உக்காந்திருக்கேன்."

அவள் உள்ளே போனாள். வாஞ்சி வெயிலில் நின்றார். வீட்டுக்குப் போகவும் தோன்றவில்லை, உள்ளே போகவும் முகம் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து வெங்கிட்டு இலைத் துண்டில் பிண்டத்தோடு வெளியே வந்தார். தம்பியைப் பார்க்காத மாதிரி மதில்மேல் அதை வைத்துவிட்டுக் காக்கையைக் கூப்பிட்டார். ஒன்றும் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். எதிர்வீட்டுத் தென்னையில் இரண்டு உட்கார்ந்துகொண்டு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"உன் கணக்குல காக்காக்கும் நாளைக்குத்தானோ?" என்றார் வெங்கிட்டு, தென்னையைப் பார்த்தபடியே.

வாஞ்சி பக்கத்தில் போய் நின்று தானும் கூப்பிட்டார். காக்கையைக் கூப்பிடத் திதி சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கிழவர்கள் மதிலோரம் நின்று கா, கா என்று கத்துவதைத் தெருவில் ஓர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போனார். கடைசியில் ஒரு காக்கை வந்தது.

"வாத்தியார்கிட்ட நாளைக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டார் வெங்கிட்டு.

சொல்லவில்லை. இங்கேயே முடிந்துவிடும் என்று நினைத்து, சனிக்கிழமைக்கு அவர் வர வேண்டாம் என்று சொன்னதே வாஞ்சிதான். உள்ளேயிருந்த வாத்தியார், நாளைக்கு எர்ணாகுளத்தில் இரண்டு இடம் இருக்கிறது, மூன்று மணிக்கு முன்னால் முடியாது என்றார்.

"போறும். ஆரம்பிக்க மூணரை வரைக்கும் நேரம் உண்டு," என்றார் வாஞ்சி. சொல்லும்போதே குரல் தெளிந்துவிட்டது.

"நேரம் உண்டு," என்றாள் திரிபுரசுந்தரி, ஜன்னல் வழியாக. "காலம்பற நாலு மணிலேருந்து அடுப்புகிட்ட நிக்கறேன். நாளைக்கு மறுபடியும் இத்தனையும் சமைக்கறது யாராக்கும்? அதைக் கணக்குப் போட்டேளா?"

வாஞ்சி அண்ணாவைப் பார்த்தார். வெங்கிட்டு மறுபடியும் காக்கையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.