பென்சிலில் போட்ட வடக்கு

அப்பாவின் முப்பத்தோராம் நாளுக்கு உறவினர்கள் அச்சடித்த கல்வெட்டு என்னும் நினைவு மலரில், 'பாறைகளோடு உரையாடிய பெரியார்' என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவர் முத்துக்குமாரு. நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் எங்கள் தூரத்து உறவினர். அப்பா பாறைகளோடு உரையாடவில்லை. அளந்தார். அது முத்துக்குமாருவுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே எழுதியதால்தான் அந்தத் தாளைத் தொடவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அப்பாவின் பெயர் சீவரத்தினம். கொழும்பில் அரசாங்கத்தில் புவிப்பௌதிகவியலாளராக இருபத்துநான்கு வருடம் வேலை செய்தார். 1983 ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தபின் அகதிக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கினோம். அப்போது எனக்குப் பதினேழு வயது. அம்மா நான்கு வருடம் முன்பே இறந்திருந்தார். அப்பாவின் கையில் ஒரு பிஸ்கட் பெட்டி. அதற்குள் இரண்டு சிறு காந்தங்கள், ஒரு திசைகாட்டி, ஒரு குறிப்பேடு. என் பள்ளிச் சான்றிதழ்கள் எரிந்துபோயின. அவற்றைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

அவர் தேடியதை நான்கு வரியில் சொல்லிவிடலாம். சுண்ணாம்புக்கல் கடலடியில் சேறாகப் படியும்போது, அதிலுள்ள நுண்ணிய இரும்புத் துகள்கள் அந்தக் காலத்துக் காந்தப்புலத்தின் திசைக்குத் திரும்பி நிற்கும். சேறு இறுகிக் கல்லானபின் அவை அசையா. கோடி வருடம் கழித்து அந்தத் திசையை அளந்தால், கல் படிந்தபோது நிலம் பூமத்தியரேகையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தது என்று கணிக்கலாம். எங்கள் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். அது எங்கே நின்று படிந்தது என்பதே அவருடைய கேள்வி.

வயிற்றுப்பாட்டுக்கு நல்லூரில் ஒரு டியூட்டரியில் பௌதிகம் படிப்பித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் கீரிமலைப் பக்கத்துக் கல்லுடைக்கும் கிடங்குகளுக்குப் போவார். கல்லைப் பெயர்க்குமுன் திசைகாட்டியை வைத்து, அதன் மேல் வடக்கு நோக்கி ஓர் அம்பு கீறுவார். அதன் பிறகுதான் உளி. 1990இல் அந்தப் பகுதி இராணுவத்தின் கைக்குப் போனது. இனி அங்கே ஒரு கல்லும் எடுக்க முடியாது. எடுத்தவரை வைத்துக்கொண்டு, வீட்டில் இருந்தபடி ஏறக்குறைய ஓரங்குலக் கட்டிகளாக அறுத்தார். முந்நூற்று நாற்பது கட்டிகள். அறுத்த முகங்களில் அம்பைத் திரும்பப் போடவேண்டும். பொருளாதாரத் தடையில் மை இல்லை. பென்சிலால் போட்டார்.

அந்த அம்பு போனால், உள்ளே காந்தம் இருக்கும். ஆனால் கல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதைப் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

வீட்டுக்குப் பின்னால், கோடியில் ஒரு கொட்டில் போட்டார். ஓர் ஆணிகூடக் கிடையாது. எல்லாம் பனஞ்சிலாகையும் கயிறும். உள்ளே அந்த இரண்டு காந்தங்களும் ஒரு பட்டு இழையில் தொங்கின. அவற்றோடு ஒரு சிறு கண்ணாடி. விளக்கொளி கண்ணாடியில் பட்டுச் சுவரில் விழும். கல்லைக் கீழே வைத்தால் அந்த ஒளிப்புள்ளி ஒன்றிரண்டு மில்லிமீற்றர் நகரும். ஒரு கல்லுக்கு அரை நாள் போகும். ஷெல் விழுந்து நிலம் அதிர்ந்த நாட்களில் வேலை இல்லை. இரும்போடு எவரும் கிட்ட வரக்கூடாது.

முத்துக்குமாரு வந்த நாள் நினைவிருக்கிறது.

"சீவரத்தினத்தார், உந்த மிசினாலை தண்ணி பாக்கேலாதோ? தோட்டத்திலை மேற்குத் தறைக்கு ஒரு கிணறு வெட்டவேணும்."

"ஏலாது. முதல் சைக்கிளை ஒழுங்கைக்கு அங்காலை கொண்டுபோய் விடும்."

"தேங்காயை உள்ளங்கையிலை வைச்சுக்கொண்டு நடக்கிறவனே தண்ணி காட்டிறான். நீங்கள் இங்கிலாந்து வரை போய்ப் படிச்சனீங்கள்."

"அப்ப தேங்காய்க்காரனைக் கூப்பிடும்."

அவர் போனபின், எங்களோடு இருந்த அப்பாவின் தங்கை பராசக்தி மாமி குசினிக்குள் நின்று சத்தம் போட்டார். "அண்ணை, சும்மா ஒரு இடத்தைக் காட்டியிருந்தால் ஒரு வாழைக்குலையெண்டாலும் வந்திருக்கும்! உந்தக் கல்லை அவிச்சோ தின்னிறது?"

ஊர் சிரித்தது. நானும் சிரித்திருக்கிறேன்.

1993இல் நூற்றுப்பதினெட்டுக் கட்டிகளின் அளவீட்டோடு வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றுக்குக் கட்டுரை அனுப்பினார். 1994 தை மாதம் பதில் வந்தது. முறை சரி, எண்ணிக்கை போதாது, குறைந்தது இருநூறு வேண்டும் என்றார்கள். அப்போது அவருக்குக் காலில் புண். நீரிழிவு. ஆஸ்பத்திரியில் படுக்கச் சொன்னார்கள். அவர் கொட்டிலுக்குள் படுத்தார். புண்ணில் புழு வைத்தது. நான் சிரட்டையில் உப்புத்தண்ணீர் வைத்துக்கொண்டு கழுவுவேன். அவர் மறுபக்கம் திரும்பிச் சுவரில் ஒளிப்புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அந்தப் புண்ணை வெறுத்தேன். கற்களை அதைவிட வெறுத்தேன்.

நூற்றுமுப்பத்தேழாவது கட்டியோடு கை நின்றது.

"மிச்சத்தை நீ அளப்பியோ?"

"ஓம், அப்பா."

"அவசரப்படாதை. ஒவ்வொண்டையும் ரண்டு தரம் அள."

மார்ச்சில் இறந்தார். மிச்சம் இருநூற்றுமூன்று.

நான் நில அளவைப் படம் வரைபவன். வடக்கு என்றால் என்னவென்று தெரிந்தவன். அளக்கத்தான் இருந்தேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு முந்தினநாள் மாமி வந்து கேட்டார்.

"தம்பி, அண்ணையின்ரை கொட்டிலையும் கழுவவோ? செத்தவர் படுத்த இடம், தீட்டு."

"எல்லாத்தையும் கழுவுங்கோ, மாமி. அந்த மணம் போகவேணும்."

கொட்டில் நிலத்தை நினைத்துச் சொன்னேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் சாம்பல் கரைக்கப் போனேன். கீரிமலைக்குப் போக வழியில்லாததால் வேறொரு கரையில் கரைத்துவிட்டு மத்தியானம் திரும்பினேன். முற்றத்தில் பாய் விரித்து, கட்டிகளை வெயிலில் வரிசையாகக் காயவைத்திருந்தார்கள். பெரியவை ஒரு பக்கம், சின்னவை ஒரு பக்கம். வெள்ளை வெளேரென்று இருந்தன.

"முழுக்க ஊத்தை, தம்பி. பென்சில் கிறுக்கல் வேறை. தும்பு போட்டு உரஞ்சினன். பொத்திப் பொத்தி வைச்சிருந்த சவுக்காரம் முடிஞ்சுது. பரவாயில்லை, அண்ணைக்குத்தானே."

ஒவ்வொன்றாகத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் கீறல் இல்லை.

"என்ன, தம்பி? ஏதும் பிழையோ?"

சொன்னேன். மாமி வாயில் கைவைத்தார். பிறகு, "அம்புதானே? ஒரு பென்சில் தா. நானே கீறிவிடுறன்" என்றார்.

நான் அவரைத் திட்டவில்லை. ஏனென்றால் அதே எண்ணம் எனக்கும் வந்தது. நூற்றுமுப்பத்தேழின் திசை குறிப்பேட்டில் இருந்தது. மிச்சத்தை அளந்து, அதனோடு ஒத்துப்போகும் பக்கத்தில் அம்பு போட்டுவிடலாம். எவனும் கண்டுபிடிக்கமாட்டான். ஒரு கட்டியில் போட்டும் பார்த்தேன். சரியாக அப்பாவின் அம்பு மாதிரியே வந்தது. விரலில் எச்சில் தொட்டு அழித்தேன்.

அவ்வளவில் நின்றிருந்தால் என்னை நான் மதித்திருப்பேன்.

சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினேன். ஆசிரியர் காலமானார், அளவீடுகள் நூற்றுமுப்பத்தேழு மட்டும். ஏன் அவ்வளவு மட்டும் என்று ஒரு வரி எழுதவேண்டும். 'தீட்டுக் கழிக்கக் கழுவப்பட்டன' என்பதை ஆங்கிலத்தில் எழுதப் பார்த்தேன். அதைப் படித்து அவர்கள் சிரிப்பார்கள் என்று வெட்கமாக இருந்தது. மாமியைப் பார்த்துச் சிரிப்பார்கள், அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். கழுவச் சொன்னவன் நான் என்பதும் அதில் வரவேண்டும். 'மீதி மாதிரிகள் எறிகணை வீச்சில் அழிந்தன' என்று எழுதி ஒட்டினேன். எங்கள் கொட்டிலில் ஒரு ஷெல் சிதறலும் பட்டதில்லை.

1995 மாசியில் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறார்களாம். இந்தச் சூழலில் எண்ணிக்கையைப் பொருட்படுத்தாமல் கட்டுரையை ஏற்கிறார்களாம்.

"என்னவாம், தம்பி?"

"அப்பாவின்ரை கட்டுரையைப் போடுகினமாம்."

"பாத்தியோ! நான் அப்பவே சொன்னனான், பிள்ளையார் கைவிடமாட்டாரெண்டு." மாமி வேலியடிக்கு ஓடிப்போய் அயலுக்கெல்லாம் சொன்னார்.

அச்சாகுமுன் திருத்தி இன்னொரு கடிதம் போட எனக்கு நான்கு மாதம் இருந்தது. போடவில்லை. கட்டுரை வந்துவிட்டது. அப்பாவின் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், எறிகணையைப் பற்றிய அந்த வரி இருக்கிறது. பதினொரு வருடத்தில் இரண்டு தரம் அளக்காமல் அவர் ஓர் எண்ணையும் எழுதியதில்லை. அந்த வரியை எழுதியவன் நான்.