ஆணி அடித்த பலாமரம்

எதிர்வீட்டில் ஒரு வாரமாக அலமாரி அடிக்கிறார்கள். காலையில் மெஷின் ரம்பம் கத்த ஆரம்பித்தால் சாயங்காலம்வரை ஓய்வதில்லை. சத்தத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ரம்பச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். வாசனைதான் சகிக்கவில்லை. அறுப்பது மரமாம், வருவது பிளைவுட் பசை வாசனை. தஞ்சாவூர் வெயிலில் அது இன்னும் குமட்டுகிறது. ஆனாலும் வாசலில் வந்து படிந்த தூளை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தேன். பழக்கதோஷம். நாக்கிலும் வைத்திருப்பேன், தச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டிக் கரையோரம் அப்பா மரவாடி வைத்திருந்தார். அதை ஒட்டியே வீடு. பலா அறுத்த நாளில் அப்பாவின் வேட்டி மஞ்சளாகிவிடும், அம்மா துவைத்துக்கொண்டே திட்டுவாள். வேம்பு அறுத்த நாளில் எங்கள் வீட்டுக் காப்பியே கசக்கும். பூவரசுத் தூள் சிவப்பாக மூக்கில் ஏறும். பள்ளிக்கூடத்தில் நான் பெரிய படிப்பாளி ஒன்றும் இல்லை. ஆனால் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு பிடி மரத்தூளைக் கொடுத்தால் இன்ன மரம் என்று சொல்லிவிடுவேன். இந்தத் திறமைக்கு எந்தக் காலேஜிலும் இடம் கொடுக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. எங்கே எந்த மரத்தைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். அண்ணனுக்குப் பெண் பார்க்கக் கும்பகோணம் பக்கம் போயிருந்தோம். பெண்ணின் அப்பா கூடத்து ஊஞ்சலைக் காட்டி, பர்மாத் தேக்கு என்று பெருமையாகச் சொன்னார். சும்மா இருக்கக் கூடாதா? அப்பா தட்டினார். "தேக்கு இல்லீங்க, வேங்கை. நல்ல வேங்கைதான்" என்றார். ஆறுதல் சொல்கிறாராம். கேசரி பாதியிலேயே நின்றது. பஸ்ஸில் வரும்போது அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, அண்ணன் மட்டும் ஊர் வந்து சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தான். அவன் அப்புறமும் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அதற்கு அந்த ஊஞ்சல் காரணமில்லை. அவனுக்கு மிருதங்கத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

எங்கள் கொல்லையில் ஒரு பலாமரம் இருந்தது. வளர்ந்ததே தவிரக் காய்க்கவில்லை. காய்க்காத பலாவுக்கு இரும்பு ஆணி அடித்தால் ரோஷம் வந்து காய்க்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அம்மா ஒரு வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாமல் ஆள் விட்டு ஆணி அடிக்க வைத்தாள். மரத்துக்கு ரோஷம் வரவில்லை. சில வருடம் பார்த்துவிட்டு, அண்ணனுக்கு மிருதங்கக் கட்டை கடையலாம் என்று அப்பா அதை வெட்டினார். மரவாடிக்காரருக்கு ஆணியைப் போல எதிரி கிடையாது. வெளியிலிருந்து வருகிற கட்டையை எல்லாம் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்துத்தான் ரம்ப வாளில் ஏற்றுவார். சொந்தக் கொல்லை மரம்தானே என்று தடவாமல் ஏற்றினார். வாளின் பல் தெறித்தது. அன்றைக்கு அம்மா வாங்கிய பாட்டை இங்கே எழுத முடியாது.

அந்தத் துண்டை விறகுக்குப் போடச் சொன்னார் அப்பா. அண்ணன் விடவில்லை. அதிலேயேதான் கடைய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். கடைந்தவர் மீதி ஆணியைப் பிடுங்கிவிட்டு, பள்ளத்தில் அதே பலாவில் ஓர் ஆப்பு செருகி இழைத்துக் கொடுத்தார். எவ்வளவு இழைத்தாலும் அது துளி மேடாகவே நின்றது. கட்டையின் நடுவயிற்றில், இழுத்துக் கட்டிய தோல் வாருக்கு அடியில் இடது கை விரலை நுழைத்தால் தட்டுப்படும். வாசிக்க உட்கார்ந்தால் அண்ணன் முதலில் அந்த மேட்டை ஒருதரம் தொடுவான். அதுதான் அவனுடைய பிள்ளையார் சுழி.

அப்புறம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அண்ணனுக்குக் கச்சேரிகள் குறைந்தன, அப்பா போனார், மரவாடி கைமாறியது. அண்ணன் சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதப் போனான். போகும் முன் மிருதங்கத்தை ஊர்ப் பஜனை மடத்தில் கொடுத்துவிட்டான். ஏன் அண்ணா என்று கேட்டேன். "சும்மா மாட்டி வச்சா தோல் செத்துப் போயிடும் பாப்பா. யாராவது வாசிக்கட்டும்" என்றான். அதற்குப் பிறகு அவன் மிருதங்கத்தைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

போன வருடம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. தஞ்சாவூருக்கு அழைத்து வந்து என்னோடு வைத்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்கள் அவன் எதிரிலேயே, "அவருக்கு ஒண்ணும் நெனவு இல்லீங்களா?" என்று என்னைக் கேட்பார்கள். நான் என்ன சொல்வேன்? என்னைத் தெரிகிறதா என்றுகூட அவன் கண்ணை வைத்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் இடது கை மட்டும் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டிக்கொண்டே இருக்கும். முதலில் ஏதோ நடுக்கம் என்று நினைத்தேன். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டபோதுதான் புரிந்தது, அது மிருதங்கத்தின் இடது முகமான தொப்பிப் பக்கத்து வாசிப்பு. வலக்கைச் சொற்கள் இல்லை, இடக்கைச் சொற்கள் மட்டும். போனில் ஒருவர் பேசுவது மட்டும் நமக்குக் கேட்குமே, அப்படி. அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அன்றிலிருந்து எனக்கு அந்த மிருதங்கப் பித்துப் பிடித்துக்கொண்டது. ஊருக்குப் போனேன். பஜனை மடம் இருந்த இடத்தில் மருந்துக் கடை இருந்தது. இடிக்கும்போது சாமான்களைத் தஞ்சாவூரில் பழைய வாத்தியம் விற்கிற ஒருவர் அள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். அவரைத் தேடிப் பிடித்தேன். மேற்கே அந்தப் பக்கத்து மடத்திலிருந்து வந்தது இதுதான் என்று ஒன்றைத் தூக்கி வைத்தார். மேலே கெட்டியாகச் சாக்லேட் நிறப் பெயின்ட்.

பழைய கட்டைக்குப் பெயின்ட் அடித்திருந்தாலே நான் சந்தேகப்படுவேன். பூச்சுக்கு அடியில் தென்னையும் இருக்கலாம், வேம்பும் இருக்கலாம். "சுத்தமான பலாம்மா" என்றார் கடைக்காரர். எந்தக் கடைக்காரர்தான் இல்லை என்பார்? வலந்தலை மூட்டை, அதாவது வலப்பக்கத்துத் தோலை, கழற்றச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார். கட்டை வாயின் விளிம்பில் தென்னைக்குரிய கறுப்புப் புள்ளிகள் இல்லை. தூக்கினேன், கனம் சரியாக இருந்தது. உள்பக்கம் நகத்தால் சுரண்டினேன். பழசாகிப் பழுப்பேறிய மேல்தோலுக்குக் கீழே மஞ்சள். தூளை நாக்கில் வைத்தேன், கசக்கவில்லை. அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முட்டியால் தட்டினேன். அப்பா இருந்திருந்தால் தலையாட்டியிருப்பார். பலாதான்.

ஆனால் எந்தப் பலா? வாருக்கு அடியில் விரல் விட்டுத் தடவினேன். மேடு இல்லை. பெயின்டுக்கு முன்னால் பட்டி பூசி வழவழவென்று இழைத்திருந்தார்கள். அதற்குள் மறைந்திருக்குமோ? வயிற்றுப் பக்கம் சுரண்டிப் பார்க்கிறேன் என்றேன்.

"அதை மட்டும் பண்ணாதீங்கம்மா. வாங்கிட்டுப் போயி என்ன வேணாலும் பண்ணிக்கோங்க."

வாங்கிவிட்டேன். மூட்டுப் போட்டு, சுருதி சேர்த்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்துச் சுரண்டியிருக்கலாம். சுரண்டவில்லை. இல்லையென்று தெரிந்துவிடுமோ என்று பயம். அதோடு, அவனுக்கு என்ன தெரியப்போகிறது, ஒரு மிருதங்கம் கையில் பட்டால் போதாதா என்றும் நினைத்தேன். வருகிறவர்கள் சொல்லிச் சொல்லி, நானும் அவர்களில் ஒருத்தி ஆகியிருந்தேன்.

அவனைத் தலையணைக்குச் சாய்த்து உட்காரவைத்தேன். தொப்பியில் ரவைப் பசையை அப்பினேன். அந்த ஈர வாசனைக்கு அவன் மூக்கு விடைத்தது. மிருதங்கத்தைக் கிட்டே நகர்த்தி, "அண்ணா, உன்னோடதுதான். கெடச்சிடுச்சு" என்றேன்.

இடது கை வந்தது. தோலுக்குப் போகவில்லை. நேராக நடுவயிற்றுக்குப் போய் வாருக்கு அடியில் நுழைந்தது. விரல் மெதுவாக ஊர்ந்தது. அடுத்த வாருக்கு வந்தது, அதற்கடுத்த வாருக்குப் போனது. எட்டாத பக்கம் வந்தபோது கட்டையை அவனே உருட்டினான். முழுசாக ஒரு சுற்று வந்தான், தேடிய மேடு கிடைக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்தான். இத்தனை மாதத்தில் ஒருநாளும் இல்லாத தெளிவோடு பார்த்தான். எல்லாம் தெரிந்துகொண்டுதான் படுத்திருந்திருக்கிறான். வந்தவர்கள் பேசியது, நான் பேசாமல் இருந்தது, எல்லாமே.

விரலை வெளியே எடுத்தான்.

அந்தக் கொல்லையில் இப்போது வேறு யாரோ வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார்கள். அந்தப் பலாவில் மிச்சமிருந்தது ஒரு கட்டைதான், அதுவும் எந்த ஊரில் எந்தப் பெயின்டுக்குள் கிடக்கிறதோ. நான் வாங்கி வந்தது அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. தொப்பியில் ரவை காய்ந்து உதிர்ந்துவிட்டது. எதிர்வீட்டு ரம்பம் நிற்கும்போதெல்லாம் நான் அந்த அறைப் பக்கம் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். அன்றோடு அவன் சட்டத்தில் தட்டுவதையும் நிறுத்திவிட்டான்.