கொஸ்லந்தயின் பூச்சியம்

பதுளை கடைவீதியில் பிடவைக் கடை வைத்திருந்த மர்ஸூக்கின் மகள் ஜெனீரா, கொழும்பில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு 1984இல் ஊர் திரும்பினாள். வெளிநாட்டு உதவியில் தொடங்கிய தேயிலைத் தோட்டச் சுகாதாரத் திட்டமொன்றின் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. தோட்ட மருந்துச்சாலைகளிலிருந்து வாரந்தோறும் வரும் வயிற்றோட்டக் கணக்கை மெஷினில் ஏற்றிக் கூட்டுவதுதான் வேலை. எந்தப் பக்கம் நோயாளிகள் கூடுதலோ அந்தப் பக்கத்துக்கு மருந்து வேன் போகும். இருந்ததோ ஒரே வேன். ஆகவே மெஷின் அச்சிட்டுத் தரும் தாள்தான் ஒவ்வொரு வாரமும் வேன் போகும் வழியைத் தீர்மானித்தது.

புரோகிராமை அவளே போர்ட்ரான் மொழியில் எழுதியிருந்தாள். எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றித் தருவது கம்பைலர். அந்த மொழிக்கு 1977இல் புதிய விதிகள் வந்திருந்தும், அவளிடமிருந்த கம்பைலருக்கு அவற்றில் பாதிகூடத் தெரியாது. சில மாதங்களுக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து புதிய டிஸ்க் வரும்; வரும்போதெல்லாம் இன்னும் இரண்டு விதிகள் சேர்ந்திருக்கும்.

பழைய கம்பைலரிடம் ஒரு கோளாறு இருந்தது. ஒரு வேலையை இத்தனை தடவை செய் என்றால் செய்யும். ஆனால் பூச்சியம் தடவை என்றாலும் ஒரு தடவை செய்துவிட்டுத்தான் நிற்கும். ஒவ்வொரு தோட்டமும் சில டிவிஷன்களாகப் பிரிந்திருக்கும்; நோயாளியே இல்லாத டிவிஷனுக்கும் ஒருவர் என்று காட்டும். ஜெனீரா அதற்கு ஒரு ஒட்டுப் போட்டாள்: நோயாளி இல்லாத டிவிஷனென்றால் கடைசியில் ஒன்றைக் கழித்துவிடு. இரண்டு வருடம் கணக்குச் சரியாக வந்தது.

1986 மழைக்காலத்தில் வந்த டிஸ்க்கை ஏற்றிய வாரம், தாளில் கொஸ்லந்தப் பக்கம் பூச்சியம் என்றிருந்தது. தாளில் இரண்டு என்றிருந்த ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு வேன் புறப்பட்டுப் போனது. அடுத்த மணித்தியாலத்தில் டெலிபோன் அடித்தது. கொஸ்லந்தப் பக்கத்திலிருந்து கணக்கு அனுப்பும் ஒரே தோட்டத்தின் மருந்துச்சாலையில் வேலை செய்யும் வீரய்யா பேசினார்.

"மிஸ், வேன் எப்ப வரும்? மேல் டிவிஷன் லயத்து வீடுகள்ல மூணு புள்ளைங்க படுத்துக் கெடக்குதுங்க. கணக்கு அனுப்புனேனே!"

"மற்ற டிவிஷன்கள்ல?"

"மத்த மூணுலயும் யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க."

ரிசீவரை வைத்துவிட்டுத் தாளை எடுத்துக் கையால் கூட்டிப் பார்த்தாள். மூன்று டிவிஷனில் யாருக்கும் நோயில்லை; ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழிந்து, அந்த மூன்று பிள்ளைகளும் கணக்கிலிருந்தே காணாமல் போயிருந்தார்கள். புதிய கம்பைலர் விதிப்படி பூச்சியத்தைப் பூச்சியமாகவே விட்டிருந்தது; அவளுடைய ஒட்டோ பழையபடி அதிலிருந்தும் ஒன்றைக் கழித்திருந்தது.

மேலதிகாரி சிற்றம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய மேசைக்கு ஓடினாள்.

"சேர், வேனை மறிக்கணும். கணக்குப் பிழை."

"என்ன பிள்ளை சொல்லுறீர்? கொஸ்லந்தயில ஒண்டும் இல்லை எண்டுதானே தாளில நிக்குது?"

"தாள்தான் சேர் பிழை. பிள்ளைகள் இருக்கு."

அவர் மேற்கொண்டு கேட்காமல் ஸ்பிரிங்வெளி தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டு வேனைத் திருப்பினார். பிறகுதான் கேட்டார்: "அப்ப பிழை கம்பைலரிலயோ, உம்மிலயோ?"

"கம்பைலர் இப்பதான் சேர் சரி. அது பிழையா இருந்த நேரம் நான் போட்ட ஒட்டுதான் இப்ப பிழை."

அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவரோ எழுந்து ஜன்னல் வழியே மழையைப் பார்த்தார். வேன் போகவேண்டிய அப்புத்தளைப் பாதையில் மண் சரிந்திருக்குமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது. அவள் சாப்பிடவில்லை. ஒட்டாகப் போட்ட அந்த ஒற்றை வரியை அழித்துவிட்டுக் கணக்கைத் திரும்ப ஓட்டினாள். கொஸ்லந்தப் பக்கம் மூன்று என்று வந்தது; ஸ்பிரிங்வெளி பழையபடி இரண்டுதான். அதைப் பார்த்தும் நிம்மதி வரவில்லை.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு கேட்ட நேரம் வீரய்யா மறுபடி அழைத்தார். "வேன் வந்துருச்சு மிஸ். ரெண்டு புள்ளைங்க பரவாயில்ல. சின்னது ரொம்பச் சோந்து போயிருச்சு, வேன்லயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாறாங்க."

அந்தச் சின்னப் பிள்ளை பதுளை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றிக் கிடந்த நாட்களில் ஜெனீரா தினமும் வார்டு வாசல்வரை போனாள். தாயின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் நர்ஸிடம் மட்டும் விசாரித்துவிட்டுத் திரும்பினாள். பிள்ளை பிழைத்து வீடு போனது.

அதன்பிறகும் டிஸ்க்குகள் வந்தன. கம்பைலர் கொஞ்சம் கொஞ்சமாக விதிகள் முழுவதையும் ஏற்றுக்கொண்டது. அவளும் தன் ஒட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். புதியது வரும்போதெல்லாம் பழைய கணக்குகளை இரண்டு கம்பைலரிலும் ஓட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். "இன்னும் முடியேல்லையோ?" என்று சிற்றம்பலம் வாசலில் நின்று கேட்பார். இரண்டும் ஒத்துவந்த பிறகும், "இன்னொருக்கா ஓட்டிப் பார்க்கிறேன் சேர்" என்பாள்.